வரப்போரம் நட்ட கம்பிகள்

எல் சபினோ,
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள எவாரிஸ்தோ,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது ஆப்பிள் பறிப்பெல்லாம் முடிந்து உன் முதுகு கொஞ்சம் நிமிர்ந்திருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொள்கிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. வலது முட்டி மட்டும் குளிர் தொடங்கினதும் தன் வேலையைக் காட்டுகிறது. கறுப்புக் கோழி முட்டை வைப்பதை நிறுத்திவிட்டது. தண்ணீர்த் தொட்டியின் வெடிப்பைப் பூசியாயிற்று, இப்போது ஒழுகவில்லை.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் அந்தப் பேச்சை எடுத்ததும் உன் பக்கம் சிக்னல் போய்விடுகிறது. கோபத்தில் சொல்லவில்லை. காகிதத்தையும் நீ மடித்து ஓரமாக வைத்துவிடலாம். ஆனால் என்றைக்காவது மறுபடி பிரிக்கலாம் இல்லையா, அதனால்தான். மூன்றாம் வகுப்போடு நின்றவளின் கையெழுத்து, பொறுத்துக்கொள். பார்சல் வேன்காரர் செவ்வாய்க்கிழமை வடக்கே கிளம்புகிறார். அக்காம்பரோ ரொட்டி, காய்ந்த மிளகாய், உன் கம்பளிச் சட்டை எல்லாம் ஒரு பெட்டியில் கட்டியிருக்கிறேன். இதையும் அதற்குள் வைக்கிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், தள்ளிப் போட்டால் என்னால் முடியாது. காசிமிரோவின் வயலில் தோண்டியதில் ஒரு பையன் கிடைத்திருக்கிறான். நம் உரியேலாக இருக்கலாம். என் தங்கை ஒதிலியாவின் நாஹூமாக இருக்கலாம். இரண்டு பேரில் ஒருவன், அதில் சந்தேகம் இல்லை. யார் என்று சொல்ல உன் எச்சில் வேண்டும், எவாரிஸ்தோ. வேறு யாருடையதும் உதவாதாம்.

இப்போது மடித்து வைத்துவிடாதே. எப்படி நடந்தது என்று சொல்கிறேன், கேள்.

சனிக்கிழமைகளில் நான் தேடப் போவது உனக்குத் தெரியும். பிடிக்காது என்பதும் எனக்குத் தெரியும். பிள்ளையைத் தொலைத்த பெண்கள் சேர்ந்துதான் போகிறோம். ஆளுக்கு ஒரு இரும்புக் கம்பி, ஒரு சம்மட்டி. மண் கலைந்தாற்போல் தெரியும் இடத்தில் கம்பியை அடித்து இறக்குவோம். உருவி எடுத்து நுனியை மோந்து பார்ப்போம். வெறும் மண் வாசனை என்றால் அடுத்த இடம். இதை உன்னிடம் நான் விவரமாகச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து கையைக் கழுவிவிட்டு உன்னோடு போனில் மழையைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

மழைக்காலத் தொடக்கத்தில் தோன்யா ஃபிதெலாவின் போனுக்கு யாரோ ஒரு ஆள் பேசினான். ஃபிதெலா எங்கள் கூட்டத்தில் மூத்தவள், மரியாதைக்குத் தோன்யா போட்டுத்தான் கூப்பிடுவோம், தன் மகளைத் தேடுகிறவள். "காசிமிரோ நெலத்துல பாருங்க. வாய்க்காலுக்கும் மண் ரோட்டுக்கும் நடுவுல. அந்த வருஷம் அது தரிசாக் கெடந்துச்சு. சபினோ பசங்க" என்று சொல்லி வைத்துவிட்டானாம். சபினோ பையன்கள் என்றால் நம் இருவர்தான். வேலை தருகிறோம் என்று யாரோ கூப்பிட்ட இடத்துக்கு, ஒரே பேருந்தில், ஒரே பையில் இருவர் சட்டையையும் போட்டுக்கொண்டு போனவர்கள்.

தரிசாக இருந்த அந்த நிலத்தில் இப்போது ப்ராக்கோலி. தோன் காசிமிரோ எங்களை வரப்பிலேயே நிறுத்திவிட்டார். "உள்ள ஒரு கால் வெச்சீங்கன்னா ஃபேக்டரிக்காரன் மொத்த லோடையும் திருப்பி அனுப்பிடுவான் தாயி. நாய் உள்ள வந்த தடம் இருந்தாலே அந்த வரிசைய வெட்ட விடமாட்டான். அமெரிக்காவுக்குப் போற சரக்கு. நீங்க கம்பி வேற குத்தப் போறோங்கறீங்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னார். அறுப்பு முடிந்ததும் கொஞ்ச நாள் வயல் சும்மா கிடக்கும், அப்போது தோண்டிக்கொள்ளுங்கள் என்றார். ஆனால் உடனே டிராக்டர் வந்துவிடும், எங்கே தோண்டுவது என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் ஆகும், முழு வயலையும் தோண்ட முடியாது என்றார். அதுவரை வரப்பில் வேண்டுமானால் நடந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வரப்பில் நடந்து என்ன செய்ய? அந்த நிலத்தை நாங்கள் சுற்றிச் சுற்றி வந்தோம். பச்சைப் பசேலென்று அத்தனை அழகாக விளைந்திருந்தது. என்னால் அதைப் பார்க்கவே முடியவில்லை.

அப்போதுதான் மிரெயா டீச்சர் வந்தாள். குவானஹுவாத்தோ நகரத்தில் மலைமேல் கணக்குப் படிக்கிற பெரிய இடம் இருக்கிறதே, அங்கிருந்து. எங்கள் கூட்டத்துப் பெண் ஒருத்திக்கு உறவு. டீச்சர் என்று நாங்கள்தான் கூப்பிடுகிறோம். பார்த்தால் நாஹூம் வயதுதான் இருக்கும், மெலிந்த பெண். வண்டியிலிருந்து லாரி பேட்டரி, ஒரு பெட்டி, ஒயர்ச் சுருள்கள் எல்லாம் இறக்கினாள். கடைசியில் ஒரு கட்டு இரும்புக் கம்பிகளை இறக்கினாள் பார், எல்லோரும் சிரித்துவிட்டோம்.

"ஏன் டீச்சரம்மா, எங்க கம்பி மோந்து சொல்லும். உங்க கம்பி என்ன பண்ணும்?" என்று ஃபிதெலா கேட்டாள்.

"எங்க கம்பிக்கு மூக்கு கெடையாது தோன்யா. கை மட்டுந்தான். இருட்டுல தடவிப் பாக்கும்" என்றாள் அந்தப் பெண்.

"அப்ப செத்துப்போன என் வீட்டுக்காரன் மாதிரிதான்னு சொல்லு" என்றாள் ஃபிதெலா. வரப்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அந்த மாதிரி இடத்தில் நாங்கள் எவ்வளவு சிரிப்போம் என்று வெளியாருக்குத் தெரியாது.

வயலைச் சுற்றி நான்கு வரப்பிலும் கம்பிகளை நட்டோம். நான்தான் சம்மட்டி. ஒவ்வொரு கம்பியின் காலிலும் உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும், அப்போதுதான் மண் கரண்டை ஒழுங்காக வாங்குமாம். ஒதிலியா குடத்தோடு என் பின்னாலேயே வந்தாள். இரண்டு கம்பியில் கரண்டை விட்டு, மற்ற எல்லாக் கம்பியிலும் எவ்வளவு வருகிறது என்று பெட்டியில் பார்ப்பார்கள். பிறகு வேறு இரண்டு கம்பி. மறுபடி எல்லாவற்றிலும் பார்ப்பார்கள். வெயில் சாயும்வரை இதுதான் வேலை. வயலுக்குள் ஒருவரும் கால் வைக்கவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஓரத்தை மட்டும் தொட்டுவிட்டு நடுவில் இருப்பதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். "கரண்டு ஒரே வழியா ஓடாதும்மா. இந்தக் கம்பில விட்டா வயல் முழுக்கப் பரவித்தான் அந்தக் கம்பிக்குப் போகும். அது தொடாத மூலையே கெடையாது. உள்ள ஒரு எடத்துல மண்ணு வேற மாதிரி இருந்தா, அங்க கொஞ்சம் ஒதுங்கிப் போகும், இல்ல கொஞ்சம் கூடுதலாப் பாயும். அந்தச் சேதி எப்படியும் வரப்புக்கு வந்து சேரும். ரொம்ப மெலிசா வரும். ஆனா வரும்" என்றாள்.

நான் விடவில்லை. "சரி டீச்சர், ரெண்டு வயல் இருக்குன்னு வெச்சுக்கோங்க. ஒண்ணுல என் புள்ள இருக்கான். இன்னொண்ணுல இல்ல. ரெண்டு வயலும் வரப்புல ஒரே பதிலச் சொல்லிட்டா என்ன செய்வீங்க?" என்றேன்.

அவள் கையில் இருந்த ஒயரைக் கீழே வைத்துவிட்டாள். "அம்மா, நான் படிக்கிற படிப்பே அந்த ஒரு கேள்விதான்" என்றாள். தெற்கே எண்ணெய்க் கிணறு தோண்டும் இடத்தில் வேலை பார்த்த ஒருவர் ரொம்ப காலம் முன்னால் இதைக் கேட்டாராம். அதிலிருந்து உலகம் முழுக்க இதே கேள்விக்குப் பின்னால் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்களாம். "வரப்புல கேக்கக்கூடிய கேள்வி அத்தனையும் கேட்டுட்டோம்னு வைங்க. அத்தனைக்கும் அதே பதிலச் சொல்ற உள்பக்கம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்க முடியும். ரெண்டு இருக்க முடியாது. அதைத்தான் நாங்க நிரூபிக்கிறோம்" என்றாள்.

அத்தனை கேள்வி என்றால் எத்தனை என்று கேட்டேன். "முடிவே கெடையாதும்மா. நம்மகிட்ட இருக்கிற கம்பி கொஞ்சம். அதனால நான் காட்டப்போற படம் ஒரு பதில். அதுதான் பதில்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றாள்.

"சத்தியம் பண்ணாத மொத ஆளு நீதான்டி. இதுவரைக்கும் வந்தவனுங்க எல்லாம் நெஞ்சுல கை வெச்சுட்டுத்தான் போனானுங்க" என்றாள் ஃபிதெலா.

அந்தப் பேச்சு என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது, எவாரிஸ்தோ. நம் வீட்டில் மூன்று வருடத்துக்கு மேலாக இரண்டு உரியேல். ஒருவன் எங்கேயோ இருக்கிறான், கோபத்தில் பேசாமல். இன்னொருவன் மண்ணுக்குள். நீ உயிரோடு இருப்பவனை மட்டும் வைத்திருக்கிறாய், நான் ஒரு நாள் அவனையும் ஒரு நாள் இவனையும் வைத்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் ஒன்றுதான். போன் இல்லை, கடிதம் இல்லை, கண்ணால் பார்த்தவர் இல்லை. இதை வைத்துக்கொண்டு எப்படிப் பிரிப்பது? ஆனால் அந்தப் பெண் சொன்னது எனக்கு இப்படிப் பட்டது. உள்ளே இருப்பது எப்போதும் ஒன்றேதான். நாம் கேட்டது போதாததால் இரண்டாகத் தெரிகிறது.

நேற்று இங்கே நிறுத்திவிட்டேன். பேனா மை தீர்ந்துவிட்டது. கடையில் நீலம்தான் இருந்தது.

அறுப்பு முடிந்தது. டீச்சர் படத்தைக் கொண்டுவந்தாள். படத்தில் வயல் பச்சையாகவும், மண் ரோட்டுப் பக்கம் ஒரு இடம் மட்டும் கருநீலமாகவும் இருந்தது. அங்கே தோண்டினோம். அரசாங்க ஆட்கள் வந்திருந்தார்கள், வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு. ஒதிலியாவும் நானும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றோம். ஒன்றும் இல்லை. ஈர மண், அதற்குக் கீழே இன்னும் ஈர மண். ஒதிலியா என் காதில், "நல்லதாப் போச்சுக்கா" என்றாள். நானும் ஆமாம் என்றேன். பிறகு இரண்டு பேருமே அழுதோம். எதற்கு என்று கேட்காதே.

டீச்சர் வரப்பில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோன் காசிமிரோ அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, "இந்த மண்ணு மேல பாக்கறதுக்குத்தான் சாது. ரெண்டு வருஷம் முன்னாடி ஆழ உழவு போட்டேன், அன்னிலேர்ந்து தண்ணிகூட நேரா நிக்கிறதில்ல, சால் வழியே வாய்க்கால் பக்கமாவே ஓடுது" என்று ஆறுதலுக்குப் பேசிக்கொண்டிருந்தார். அவள் சட்டென்று நிமிர்ந்தாள். எந்தப் பக்கமாக உழுதீர்கள், எவ்வளவு ஆழம், எதைக் கொண்டு கிழித்தீர்கள் என்று அந்த மனிதரைத் துளைத்துவிட்டாள்.

பிறகு எங்களிடம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "தப்பு என்னோடதும்மா. மண்ணு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கரண்டை விடும்னு வெச்சு கணக்குப் போட்டேன். ஆழச் சால் கிழிச்ச மண்ணு அப்படி இல்ல. நெடுக்க சுளுவா விடும், குறுக்க விடாது. அப்படிப்பட்ட மண்ணுல எங்க நிரூபணம் நிக்காது" என்றாள். ஒதிலியாவின் தோளில் கிடந்த பூப்போட்ட துணியை வாங்கி வரப்பில் விரித்தாள். நான்கு ஓரத்தையும் எங்களைப் பிடிக்கச் சொன்னாள். நடுவில் விரலை வைத்து ஒரு பக்கமாக இழுத்தாள். துணியின் பூ நகர்ந்தது, ஓரம் எங்கள் கையில் அப்படியே இருந்தது. "ஓரத்தைப் பிடிச்சிருக்கிற உங்களுக்கு எதுவும் தெரியாது. ஆனா உள்ள பூ எடம் மாறிடுச்சு. இழுப்பு எந்தப் பக்கம்னு வேற வழியில தெரிஞ்சாத்தான் பூ எங்கன்னு சொல்ல முடியும்" என்றாள்.

அந்த இழுப்பை அளக்க இன்னும் ஒரு நாள் முழுக்க வரப்பில் வேலை செய்தோம். கருநீலம் நகர்ந்து வாய்க்கால் பக்கம் போனது. காசிமிரோ டிராக்டர்காரனைத் திருப்பி அனுப்பிவிட்டார். வாய்க்கால் பக்கம் தோண்டினார்கள்.

அங்கே இருந்தான்.

முழுதாக இல்லை, எவாரிஸ்தோ. இதற்கு மேல் உனக்கு எழுத மாட்டேன். சட்டை மட்டும் பார்த்தேன். இருவருக்கும் பொதுவான அந்தச் சாம்பல் சட்டை. ஊரைவிட்டுக் கிளம்பும்போது அதைப் போட்டிருந்தது யார் என்று ஒதிலியாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஒரே பையில் போனவர்கள்தானே.

பரிசோதனைக் கூடத்தில் என் எச்சிலையும் ஒதிலியாவுடையதையும் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்கள். போன வாரம் கூப்பிட்டார்கள். அங்கே ஒரு அம்மாள் பொறுமையாகச் சொன்னாள். எலும்பு ரொம்ப நைந்துவிட்டதாம். தாய்வழியாக வருவதைத்தான் தெளிவாகப் படிக்க முடிந்ததாம். அது எங்கள் இருவருக்கும் ஒன்றே, ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் ஆயிற்றே. எங்கள் பிள்ளைகளுக்கும் அதுவே. என் பக்கத்திலிருந்து பார்த்தால் அது உரியேல். அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் நாஹூம். அப்பன் வழியாக வருவதும் கொஞ்சம் கிடைத்திருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க ஆள்தான் இல்லை என்றாள். ஒதிலியாவின் புருஷன் போன திசையே யாருக்கும் தெரியாது. உனக்கோ அண்ணன் தம்பி கிடையாது, உன் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் நீ ஒருவன்தான். உன்னுடையது பொருந்தினால் உரியேல். பொருந்தாவிட்டால் நாஹூம். உன் ஒரு வாயில் இரண்டு வீட்டுக்கும் பதில் இருக்கிறது.

நான் அந்த அம்மாளிடம், ஓரத்தை நாங்கள் பிடித்திருக்கிறோம், உள்ளே பூ எங்கே என்று தெரியவில்லை, அப்படித்தானே என்றேன். அவளுக்குப் புரியவில்லை. மிரெயா டீச்சரிடம் சொன்னபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஒதிலியா வீட்டுக்கு வருவதில்லை. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ கேட்கிறது, அவள் தோசைக்கல்லில் சோள ரொட்டியைத் தட்டிப் போடும் சத்தம் கேட்கிறது. முன்பெல்லாம் ஒரே கல்லில் இரண்டு வீட்டுக்கும் சுடுவோம். இப்போது நான் என் ஒருத்திக்குச் சுடுகிறேன், அவள் அவள் ஒருத்திக்குச் சுடுகிறாள். நான்கு ரொட்டிக்காக அடுப்பு மூட்டுவது எவ்வளவு நேரம் பிடிக்கிறது தெரியுமா?

வெள்ளிக்கிழமை நான்தான் போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "எதுக்குக்கா கேக்கணும்? இப்ப பெட்டிக்குள்ள பாதி உன் புள்ள, பாதி என் புள்ள. வெளியில பாதி உசுரோட உன் புள்ள, பாதி உசுரோட என் புள்ள. இப்படியே விட்டுட்டா ரெண்டு பேருக்கும் பாதியாவது மிஞ்சும்ல? உன் புருஷன் வாயத் தொறந்தான்னா ஒருத்திக்கு ஒண்ணுமே இல்லாமப் போயிடும்" என்றாள். "அவன் பயந்தாங்கொள்ளி, தொறக்க மாட்டான். அந்த மட்டும் அவனுக்குப் புண்ணியம்" என்றும் சொன்னாள். கோபித்துக்கொள்ளாதே. என் தங்கை அப்படித்தான் பேசுவாள் என்று உனக்குத் தெரியும்.

பாதிப் பிள்ளை என்று ஒன்று இல்லை ஒதிலியா, அந்தப் பெட்டிக்குள் ஒருவன் முழுசாக இருக்கிறான், தன் பெயர் இல்லாமல் இருக்கிறான் என்றேன். கதவைச் சாத்திவிட்டாள்.

என் மனதையும் சொல்லிவிடுகிறேன். அது உரியேலாக இருக்க வேண்டும் என்று சில நேரம் நினைக்கிறேன். இருந்தால் நான் இனி எந்த மண்ணையும் மோந்து பார்க்க வேண்டாம். நாஹூமாக இருக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன். அப்படி நினைத்த கையோடு சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமுவது கேட்கிறது. இதை நான் யாரிடம் சொல்ல? பாதிரியாரிடம் சொன்னேன், ஜெபம் செய் என்றார். அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், ஆனால் எதைக் கேட்டு ஜெபிப்பது என்று அவர் சொல்லவில்லை.

இறந்தோர் நாளுக்கு, போனவர்களை வீட்டுக்குக் கூப்பிடும் மேசையைப் போட்டேன். அம்மா படம், உன் அப்பா அம்மா படம். உரியேலை இந்த வருடமும் வைக்கவில்லை. வைத்தால் இறந்தவன் என்று நானே சொன்னதாகிவிடும். இப்போது பெட்டியில் கிடப்பது அவன்தான் என்றால், எல்லா வீட்டிலும் பிள்ளைகளைக் கூப்பிட்ட நாளில் அவனை மட்டும் கூப்பிடாமல் விட்டிருக்கிறேன்.

நீ மாதாமாதம் பணம் கட்டி அவனுடைய போன் எண்ணை இன்னும் உயிரோடு வைத்திருப்பது எனக்குத் தெரியும். நானும் கூப்பிடுகிறேன். எப்போதும் எடுக்க ஆளில்லை என்றுதான் வரும். கோடையில் ஒரு ஞாயிறு கூப்பிட்டபோது வேறு யாரோடோ பேசிக்கொண்டிருப்பதாக மணி வந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. யாரோடோ பேசுகிறான், என் பிள்ளை யாரோடோ பேசுகிறான் என்று முற்றத்துக்கும் வாசலுக்கும் ஓடினேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். அது நீ. அதே நேரத்தில் நீயும் அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். என் காதுக்கு இரண்டும் ஒரே மணிதான். அன்றைக்கு உன்மேல் எனக்கு வந்த பாசத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாமல் நாம் இருவரும் ஒரே கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

இன்று காலையில் ஒதிலியா வந்தாள். தலைகூட வாரவில்லை. கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து மாவை எடுத்துத் தட்ட ஆரம்பித்தாள், நான் எடுத்துப் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "அத்தானுக்கு எழுதிட்டியா?" என்றாள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். "நானும் கேக்கறேன்னு எழுது. பயந்தாங்கொள்ளின்னு சொன்னத எழுதாத" என்றாள். எழுதிவிட்டேனே என்றேன். "அப்ப அடிச்சுடு" என்றாள். அடிக்கவில்லை, காகிதம் அசிங்கமாகிவிடும். பிறகு மாவைப் பார்த்துக்கொண்டே, "எந்தப் பேரு வந்தாலும் ரெண்டு பேருமா போய் வாங்கிட்டு வரணும்கா. ஒருத்தி போயி ஒருத்தி வீட்ல இருக்கக் கூடாது" என்றாள். சரி என்றேன். ரொட்டி நிறையச் சுட்டுவிட்டோம்.

அங்கே நம் நாட்டுத் தூதரக ஆட்கள் மாதம் ஒருமுறை உங்கள் ஊர்த் தேவாலயக் கூடத்துக்கே வருகிறார்களாம். டீச்சர் விசாரித்துச் சொன்னாள். அந்த நாட்டில் இருக்கக் காகிதம் இல்லாதவன் என்று பிடித்துக் கொடுக்க மாட்டார்கள், அவர்கள் நம் ஆட்கள். ஊசி கிடையாது. பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தின் உட்புறம் தேய்ப்பார்கள், அவ்வளவுதான். காலையில் சாப்பிட்டுவிட்டே போ. நம் ஊர் ஆபேலின் மகனிடம் சொன்னால் வண்டியில் கூட்டிப்போவான், தனியாகப் போக வேண்டாம்.

வடக்கே வருகிறேன் என்று உரியேல் கேட்டபோது நீ வேண்டாம் என்றாய். இங்கே குளிரும் தனிமையும்தான் இருக்கிறது, படிப்பை முடி என்றாய். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதைத் தவிர எந்த அப்பனும் வேறு எதையும் சொல்லியிருக்க மாட்டான். இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன், வேண்டும்போது எடுத்துப் படித்துக்கொள்.

அந்தக் கூடத்தில் உட்கார வைத்துப் பெயர் கேட்பார்கள், ஊர் கேட்பார்கள். பிறகு அந்தப் பையனுக்கு நீ என்ன உறவு என்று கேட்பார்கள். அப்பா என்று சொல், எவாரிஸ்தோ. நீ அந்த வார்த்தையை யாரிடமும் சொல்லி ரொம்ப நாளாகியிருக்கும். சொல்ல நேரம் பிடித்தால் பிடிக்கட்டும், அவர்கள் காத்திருப்பார்கள். மாதா உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். நான் வர முடியாத இடத்துக்கெல்லாம் அவளைத்தான் அனுப்புகிறேன்.

உன் மனைவி,
ஹெர்லிந்தா